கிளிட்டஸ் நறுக்கிய ஒன்றரைச் சுற்று

அரபு நாட்டுப் புஜைரா ஊருக்கு வெளியே, கல்குவாரி லாரிகள் போகும் சாலையில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப் இருந்தது. அங்கே கிளிட்டஸுக்கு ஆறு வருஷமாக ஒரே வேலை. உறுப்பினர்கள் கொண்டுவரும் துப்பாக்கிகளைப் பிரித்து, துடைத்து, பழுது பார்த்து, மறுபடி பூட்டிக் கொடுக்க வேண்டும். அடையாள அட்டையில் ஆர்மரர் என்று போட்டிருந்தது. துப்பாக்கியோடு அதன் சொந்தக்காரனுடைய அபிப்பிராயத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அட்டையில் எங்கும் போடவில்லை. ஆனாலும் அபிப்பிராயம் இல்லாமல் ஒரு துப்பாக்கியும் அவன் மேசைக்கு வந்ததில்லை.

இதைப்போல ஒரு சாமான் உலகத்தில் கிடையாது, இன்றுவரை ஒரு தடவைகூட மக்கர் பண்ணியதில்லை என்பான் ஒருவன். கிளிட்டஸ் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பான். தொழிற்சாலையில் தடவிய எண்ணெய் அப்படியே காய்ந்து கிடக்கும். வாங்கி இரண்டு வருஷத்தில் பத்துக் குண்டு சுட்டிருந்தால் அதிகம். அடுத்தவன் வந்து இது சுத்தக் குப்பை, தெரியாமல் வாங்கித் தொலைத்தேன் என்பான். அவனுடையதைப் பிரித்தால் தோட்டத்து மணலும் கரியும் கெட்டியாகப் படிந்து, குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். இரண்டு பேருக்கும் கிளிட்டஸ் தலையை மட்டும் ஆட்டுவான். அவர்கள் போன பிறகு இரண்டு பேரையும் ஒரே கெட்ட வார்த்தையால் திட்டுவான்.

கிளிட்டஸ் கன்னியாகுமரி மாவட்டம் இனயத்துக்காரன். அப்பனும் அண்ணன்மாரும் கடலுக்குப் போக, அவன் ஒருவன் மட்டும் பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தான். செகந்திராபாத்தில் துப்பாக்கி பழுது பார்க்கப் பழகி, இருபது வருஷம் ஜோத்பூர், தேஜ்பூர், லே என்று சுற்றினான். பட்டாளத்தில் ஆர்மரர் முன்னால் நின்று யாரும் அபிப்பிராயம் சொல்வதில்லை. கெட்டிருக்கிறது என்று கொடுப்பார்கள், சரியாகிவிட்டது என்று வாங்கிப் போவார்கள். ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது அவன் மனைவி ஜெபகனி புஜைராவில் நர்ஸ் வேலையில் இருந்தாள். அவளுடைய விசாவில்தான் அவன் வந்து இறங்கினான். முதல் எட்டு மாசம் வேலை கிடைக்கவில்லை. அவள் டியூட்டிக்குப் போவாள். அவன் பிளாட்டில் இருந்து சோறு பொங்கி மீன் குழம்பு வைப்பான். கோயிலில் பூசை முடிந்து வெளியே நிற்கும்போது ஊர்க்காரர் ஒருவர், பட்டாளத்தார் இப்போது எந்த ரெஜிமென்ட், அடுப்படி ரெஜிமென்ட்டா என்று கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவன் மறக்கவேயில்லை. கிளப்பில் வேலை கிடைத்த பிறகு, தன்னைவிடக் குறைவாகத் தெரிந்தவன் எவனைப் பார்த்தாலும் அவன் உதடு ஒரு பக்கமாகக் கோணும். பார்த்தவர்கள் எல்லாரும் தன்னைவிடக் குறைவாகத்தான் தெரிந்தவர்கள் என்பதிலும் அவனுக்குச் சந்தேகம் வந்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு அந்தச் சின்னப் பிஸ்டல் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆறு குண்டு பிடிக்கும். நல்ல பிஸ்டல் ஒன்றின் விலையில் இதில் மூன்று வாங்கலாம். உள்ளூர்க்காரர்கள் அதற்கு அஸ்ஃபூர் என்று செல்லப் பெயர் வைத்தார்கள். குருவி என்று அர்த்தம். கிளிட்டஸ் முதன்முதலாக அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மூக்குப்பொடி டப்பி என்றான். அவனைப் பொறுத்தவரை அன்று முதல் அதன் பெயர் அதுதான். கிளப் உறுப்பினர்களில் லைசென்ஸ் உள்ள இருபத்தெட்டுப் பேர் அதை வாங்கினார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கியவன், பக்கத்து வீட்டுக்காரன் வாங்கினான் என்று வாங்கியவன், கையில் வைத்துப் போட்டோ எடுக்க நன்றாக இருக்கும் என்று வாங்கியவன் என்று அவர்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தான் கிளிட்டஸ். சுடத் தெரிந்து வாங்கியவன் என்று ஒருவனையும் அவன் கண்டுபிடிக்கவில்லை.

வந்த முதல் மாசமே எல்லாரும் ஒரே குறையைச் சொன்னார்கள். பிஸ்டலின் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் குண்டு உள்ளே ஏறும். ஸ்லைடு என்பார்கள் அதை. இந்தச் சின்ன உருப்படியில் ஸ்லைடுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங் ரொம்பக் கடினம். இழுத்தால் விரல் வலித்தது, நகம் கிழிந்தது. கிளிட்டஸ் ஒன்றைப் பிரித்து ஸ்பிரிங்கை விரலால் அமுக்கிப் பார்த்தான். அளக்கத் தெரியாத எவனோ போட்டிருக்கிறான் என்று முடிவு கட்டினான். கட்டிங் பிளேயரை எடுத்து ஒன்றரைச் சுற்றை நறுக்கி எறிந்துவிட்டு, முனையைத் தேய்த்துப் பூட்டிக் கொடுத்தான். ஸ்லைடு வெண்ணெய்போல வந்தது. சொந்தக்காரன் பூரித்துப் போனான். அவன் போய் நாலு பேரிடம் சொல்ல, நாலு பேரும் வந்தார்கள். இப்படிப் பத்தொன்பது பிஸ்டல்களின் ஸ்பிரிங்கை அவன் நறுக்கினான். மேனேஜரிடம் கேட்கவில்லை. பதிவேட்டில் சுத்தம் செய்யப்பட்டது என்று மட்டும் எழுதினான். தொழிற்சாலைக்காரன் செய்த தப்பைத் திருத்தியதற்கு யாரிடம் கேட்க வேண்டும் என்பது அவன் எண்ணம்.

ஐந்தாறு மாசம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வர ஆரம்பித்தார்கள். சுட்டுக்கொண்டே இருக்கும்போது ஸ்லைடு முழுக்க மூடாமல் பாதியில் நின்றுவிடுகிறது, விரலால் தள்ளினால்தான் மூடுகிறது என்றார்கள். கிளிட்டஸ் பிரித்துப் பார்ப்பான், அழுக்கைத் துடைப்பான், பிஸ்டலில் ஒன்றுமில்லை என்பான். மணிக்கட்டு தளர்ந்தால் சின்னப் பிஸ்டல் எதுவும் ஒழுங்காக ஓடாது என்று பட்டாளத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது பொய்யும் இல்லை. ஆகவே வந்தவர்களுக்கெல்லாம் மணிக்கட்டைக் காட்டிக் கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி அனுப்பினான். குறை தங்களுடையது என்று கேட்டதும் ஆண்கள் அதற்குமேல் பேசவில்லை. கை பலமில்லாதவன் என்று கிளப்பில் பேர் வாங்க யாருக்கு மனம் வரும்? அன்றிலிருந்து பிஸ்டல் நின்றாலும் அவர்கள் வெளியே சொல்லவில்லை.

ஷம்மா மட்டும் சொன்னார். அவர் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு மலையடிவாரத் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தார். செவ்வாய்க்கிழமை காலைகளில் அவரே கார் ஓட்டிக்கொண்டு வருவார். முப்பது குண்டு சுடுவார். சின்ன நோட்டு ஒன்றில் தேதி போட்டு, எத்தனையாவது குண்டில் ஸ்லைடு நின்றது என்று எழுதுவார். எழுதியதைக் கொண்டுவந்து கிளிட்டஸிடம் காட்டுவார். தெளிவான இங்கிலீஷில் நிதானமாகப் பேசுவார். கிளிட்டஸுக்கு அந்த நோட்டைக் கண்டாலே எரிச்சல். பிள்ளைகளுக்கு ஆஜர் போட்ட பழக்கம் இன்னும் விடவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வான். ஒருநாள் அவரிடமும் மணிக்கட்டைக் காட்டி, கடையில் ரப்பர் பந்து கிடைக்கும், தினமும் அமுக்கிப் பழகுங்கள் என்றான். சரி என்று கேட்டுக்கொண்டு போனார். இரண்டு மாசம் அமுக்கிவிட்டு நோட்டோடு வந்தார். பிஸ்டல் முன்பு நின்றதைவிட அதிகமாக நின்றிருந்தது. வயசு ஆகிறதில்லையா மேடம் என்றான் கிளிட்டஸ். அவர் நோட்டை மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த வருஷம் ஏப்ரலில் ரெனீஷ் வந்தான். ஜெபகனியின் தம்பி. அந்தப் பிஸ்டலை இறக்கி விற்ற ஏஜென்ட் கம்பெனியில் வேலை, ஷார்ஜா முவைலாவில் குடியிருப்பு. பக்கத்து நாட்டில் சலாலா என்ற ஊரில் புதிதாக ஒரு கிளப் திறக்கப் போகிறார்கள், அவர்களுக்குக் கம்பெனி இந்தப் பிஸ்டலை விற்கப் பார்க்கிறது, ஏற்கெனவே வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அந்தக் கிளப் கேட்கிறது என்றான். கிளிட்டஸின் மேனேஜர் நாதிர் என்ற ஜோர்டான்காரர் இருபத்தெட்டுப் பேருக்கும் படிவம் கொடுத்து நிரப்பி வாங்கியும் வைத்திருந்தார். கடைசியில் ஆர்மரர் ஒரு கையெழுத்துப் போட்டால் காரியம் முடியும். விற்பனை நடந்தால் ரெனீஷ் சலாலாவில் அந்தக் கம்பெனியின் கிளைக்குப் பொறுப்பாளனாகப் போவான்.

கிளிட்டஸ் படிவங்களை மேசையில் பரப்பி வைத்துப் படித்தான். இருபத்தாறு பேர் மிக நன்று என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். ஒருவர் நிறம் அழகாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். ஒருவர் தன் மைத்துனனுடைய பிஸ்டலைவிட இது எவ்வளவோ மேல் என்று எழுதியிருந்தார். மைத்துனன் வைத்திருந்ததும் இதே பிஸ்டல்தான் என்று கிளிட்டஸுக்குத் தெரியும். ஒருவர் ஆயிரம் குண்டு சுட்டேன், ஒன்றுகூடத் தவறவில்லை என்றிருந்தார். அவருடைய பிஸ்டல் டப்பாவைவிட்டு வெளியே வந்ததே இல்லை. போன மாசம் ஸ்லைடு நின்று முகம் சிவந்து வந்த மூன்று பேர்கூட மிக நன்று என்றுதான் போட்டிருந்தார்கள். ஒபைத் என்ற விசைப்படகு உரிமையாளர் எதையும் எழுதாமல் பெயரை மட்டும் போட்டிருந்தார். ஷம்மா தன் நோட்டின் பக்கங்களை நகல் எடுத்துப் படிவத்தோடு பின் குத்தியிருந்தார். அதை மட்டும் நாதிர் அடுக்கின் அடியில் வைத்திருந்தார்.

கிளிட்டஸ் படித்து முடித்து, படிவங்களை அடுக்கி மச்சினன் பக்கமாகத் தள்ளினான்.

"இதிலயா எனக்க கையெழுத்து கேக்குத? இவனுவள்ல முக்காவாசிப் பேருக்கு எந்தப் பக்கம் குண்டு போவும்னே தெரியாது."

"அத்தான், யாரு சொன்னா என்ன? ஒரு கையெழுத்துதான. நான் சலாலா போனா அக்காவுக்கும் சந்தோசம்."

"ஒனக்க சலாலாவுக்காவ நான் இந்தக் குப்பைக்கு சாட்சி சொல்லணுமாலே?"

ஆனாலும் சும்மா மறுத்து அனுப்ப அவனுக்கு மனமில்லை. இருபத்தாறு பேருடைய பொய்யையும் ஒரே நாளில் எல்லார் கண் முன்னாலும் உரித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. நாதிரிடம் போய், சொந்தக்காரர்கள் எல்லாரையும் ஒரு சனிக்கிழமை காலையில் பிஸ்டலோடு வரச் சொல்லுங்கள், ஒருவரும் துடைக்கக் கூடாது, வீட்டில் இருக்கிறபடியே கொண்டுவர வேண்டும், ஆளுக்குப் பதினெட்டுக் குண்டு சுடட்டும், நான் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றான். நாதிருக்கு அது நல்ல விளம்பரமாகப் பட்டது. அரபிக் காப்பியான காவாவுக்கும் பேரீச்சம்பழத்துக்கும் ஏற்பாடு செய்தார். ரெனீஷ் சலாலாக்காரர்களுக்கு அனுப்புவதற்காக வீடியோ எடுக்க வந்தான்.

இருபத்தெட்டுப் பேரில் பதினொரு பேர்தான் வந்தார்கள். ஆயிரம் குண்டுக்காரர் வரவில்லை. கிளிட்டஸ் கையில் தாள் செருகிய அட்டையோடு ஒவ்வொருவர் தோளுக்குப் பின்னாலும் நின்றான். முதல் ஆளுக்கு நாலாவது குண்டில் ஸ்லைடு நின்றது. கிளிட்டஸ் குறிப்புக் கட்டத்தில் மணிக்கட்டு என்று எழுதினான். இரண்டாவது ஆளுக்கு இரண்டாவது குண்டிலும் ஒன்பதாவதிலும் நின்றது. மணிக்கட்டு. மூன்றாவது ஆளுக்கு ஒன்றும் நிற்கவில்லை. நாலாவது ஆள் ஒவ்வொரு தடவை நின்றபோதும் இன்று காற்று சரியில்லை, குண்டு சரியில்லை, கிளப்பில் வெளிச்சம் சரியில்லை என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் மணிக்கட்டு என்று எழுதி இரண்டு கோடும் போட்டான். அன்று காலை கிளிட்டஸ் சந்தோஷமாக இருந்தான். இத்தனை வருஷம் மனசுக்குள் மட்டும் திட்டியதை இப்போது தாளில் வரிசையாக எழுத முடிந்தது.

எட்டாவதாக ஒபைத் வந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். ஏதோ வியாதியால் கை ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். கிளிட்டஸை அவர் நம்பமாட்டார். தன் சாமானைத் தானேதான் பார்த்துக்கொள்வேன் என்று மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடப் பிஸ்டலை அவன் மேசைக்குக் கொண்டுவந்ததில்லை. இப்போது வெளியே எடுத்தபோது பிஸ்டலின் மேலெல்லாம் உப்புக் காற்றில் துரு பூத்திருந்தது. கிளிட்டஸ் ரெனீஷைப் பார்த்து உதட்டைக் கோணினான். கிழவர் ஸ்லைடை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துக் குண்டை ஏற்றினார். நடுங்கும் கையை நீட்டினார். துப்பாக்கி முனை அங்கும் இங்கும் ஆடியது. ஆறு குண்டும் போயின. அடுத்த ஆறும் போயின. கடைசி ஆறும் போயின. ஒன்றுகூடக் குறியில் படவில்லை. ஆனால் ஸ்லைடு ஒரு தடவைகூட நிற்கவில்லை.

கிளிட்டஸ் பேனாவை வைத்துக்கொண்டு நின்றான். அந்தக் கையைவிடத் தளர்ந்த மணிக்கட்டு அன்று அங்கே கிடையாது.

அதற்குப் பிறகு ஷம்மா வந்தார். மற்றவர்களைப்போல இடத்தில் போய் நிற்கவில்லை. பிஸ்டலைக் காலியாக்கி, கைப்பிடி அவன் பக்கம் இருக்கும்படி மேடையில் வைத்தார்.

"இன்று நீங்கள் சுடுங்கள்" என்றார்.

மறுக்க வழியில்லை. பதினொரு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெனீஷின் செல்போனும் பார்த்துக்கொண்டிருந்தது. கிளிட்டஸ் அட்டையைக் கீழே வைத்துவிட்டு, பட்டாளத்தில் சொல்லிக் கொடுத்தபடி காலை ஊன்றி, மணிக்கட்டை இரும்பாக இறுக்கிப் பிடித்துச் சுட்டான். மூன்றாவது குண்டில் ஸ்லைடு நின்றது. விரலால் தள்ளிவிட்டுச் சுட்டான். ஐந்தாவதில் நின்றது. குண்டு நிரப்பிய வேறு மேகசினை மாட்டி இன்னும் இறுக்கினான். கை நடுங்கும் அளவுக்கு இறுக்கினான். முதல் குண்டிலேயே நின்றது.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஷம்மா கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துப் புதுப் பக்கம் திருப்பித் தேதி போட்டார்.

"உங்கள் பெயரை எப்படி எழுதுவது?" என்று கேட்டார்.

அவன் எழுத்தெழுத்தாகச் சொன்னான். அவர் கவனமாக எழுதிக்கொண்டார்.

எல்லாரும் காவா குடிக்கப் போனதும் கிளிட்டஸ் இரண்டு பிஸ்டல்களைத் தன் அறைக்குக் கொண்டுபோனான். ஒன்று ஷம்மாவுடையது. இன்னொன்று ஒபைத்துடையது, பிரித்துப் பார்த்துவிட்டு உடனே தருகிறேன் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டது. பிரித்து இரண்டு ஸ்பிரிங்கையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினான். ஷம்மாவுடையது ஒரு விரல் நகம் அளவுக்குக் குட்டையாக நின்றது. இரண்டையும் அமுக்கிப் பார்த்தான். ஒபைத்துடையது விரலைத் திருப்பித் தள்ளியது. ஷம்மாவுடையது உளுத்துப்போன கயிறுபோலச் சும்மா கிடந்தது. நறுக்கியபோது போதுமான பலம் மிச்சம் இருந்தது. நூற்றுக்கணக்கான குண்டுகள் சுட்ட பிறகு அது தளர்ந்து, அடுத்த குண்டைத் தள்ளி உள்ளே ஏற்றத் திராணி இல்லாமல் போயிருந்தது. அன்று நின்ற பிஸ்டல்களின் எண்களை, பதிவேட்டில் முதல் மாசங்களில் சுத்தம் செய்யப்பட்டது என்று எழுதியவற்றோடு ஒத்துப் பார்த்தான். ஒன்றுவிடாமல் அவன் நறுக்கியவை. நிற்காமல் ஓடிய மூன்றும் அவன் தொடாதவை.

ரெனீஷ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். நாதிரும் பின்னால் வந்தார். இரண்டு பேருக்கும் ஸ்பிரிங் விஷயம் தெரியாது. அவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். பிஸ்டலில் குறையில்லை, சுட்டவர்களுக்குத்தான் பிடிக்கத் தெரியவில்லை என்று எழுதிவிடலாம், நீங்களும்தான் ஆறு பேருக்கு மணிக்கட்டு என்று எழுதி வைத்திருக்கிறீர்களே என்றார் நாதிர். வீடியோவில் அந்த அம்மாவுடைய பாகத்தை வெட்டிவிடுகிறேன் என்றான் ரெனீஷ். கிளிட்டஸ் இரண்டு பேரையும் பார்த்தான். இத்தனை நாள் அவன் சொன்ன பொய்யைத்தான் அவர்கள் அவனுக்குத் திருப்பிச் சொன்னார்கள். அடுத்தவன் வாயிலிருந்து கேட்டபோது அது எவ்வளவு மலிவான பொய் என்று தெரிந்தது. திங்கட்கிழமை தருகிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினான்.

வீட்டுக்குப் போய் ஜெபகனியிடம் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போதே தொழிற்சாலைக்காரனைத் திட்டினான், ஒபைத்தைத் திட்டினான், பள்ளிக்கூடத்து நோட்டைத் திட்டினான். ஜெபகனி டியூட்டி உடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும்வரை அவள் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"வார்டுல நாங்க மருந்த மாத்திக் குடுத்துட்டு, நோயாளிக்க ஒடம்பு சரியில்லன்னா எழுதுவோம்?" என்றாள்.

"அது வேற, இது வேற."

"என்ன வேற? நீங்க நறுக்குனீங்க. எழுதாம நறுக்குனீங்க. பொறவு அந்த அம்மாவப் பந்து அமுக்கச் சொல்லியிருக்கீங்க." சட்டையின் காலரைத் திருப்பிப் போட்டாள். "ரெனீசுக்க வேலை போனா போட்டும். அவனுக்கு நான் சொல்லிக்கிடுவேன்."

மறுநாள் ஞாயிறு. அவன் கோயிலுக்குப் போகாமல் கிளப்புக்குப் போய், தன் அறையில் உட்கார்ந்து எழுதினான். இங்கிலீஷ் அவனுக்குச் சரளம் இல்லை. பட்டாளத்துப் பாணியில் சின்னச் சின்ன வரிகளாக எழுதினான். பத்தொன்பது பிஸ்டல்களின் எண்கள். ஒவ்வொன்றிலும் ஸ்பிரிங் நறுக்கிய மாதம். நறுக்கியவன் பெயர். அனுமதி வாங்கவில்லை என்று ஒரு வரி. சுட்டவர்களின் கையைக் குறை சொன்னது தவறு என்று ஒரு வரி. இதை எழுதத்தான் அரைநாள் ஆயிற்று. நறுக்காத பிஸ்டல்கள் அன்று ஒரு தடவையும் நிற்கவில்லை என்பதையும் எழுத வேண்டியிருந்தது. அந்த மூக்குப்பொடி டப்பிக்குத் தன் கையாலேயே நற்சான்று எழுதுவது அவனுக்குக் கசப்பு மருந்தாக இருந்தது. அதற்குக் கீழே, பிடி வழுக்குகிறது, துரு சீக்கிரம் பிடிக்கிறது, குறி பார்க்கும் முனை கண்ணுக்கே தெரிவதில்லை என்று உண்மையான குறைகளையும் சேர்த்த பிறகுதான் மூச்சு சீராக வந்தது.

திங்கட்கிழமை நாதிர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். பத்தொன்பதுக்கும் புது ஸ்பிரிங் வரும்வரை ஆர்மரர் மேசையில் உட்காரக் கூடாது, இலக்குத் தாள்களை அட்டையில் ஒட்டும் வேலைக்குப் போ என்றார். அதோடு சொந்தக்காரர்கள் பத்தொன்பது பேருக்கும் அவனே போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்றார். கிளிட்டஸ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். ஐந்து பேர் எங்கள் பிஸ்டலில் ஒன்றுமில்லை, அது சிங்கம் என்றார்கள். இரண்டு பேருக்கு ஸ்பிரிங் என்று ஒன்று உள்ளே இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. மற்றவர்கள் அவனை நன்றாக வைதார்கள். ஒருவர், இரண்டு வருஷத்துக்கு மேலாக நான் என் கையைச் சந்தேகப்பட்டேன் என்று சொல்லிவிட்டு, இந்திக்கு மாறி, அவனுடைய தாய் தகப்பனையும் இழுத்தார். கிளிட்டஸ் கேட்டு முடித்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினான். கிளப்பில் இப்போது எல்லாரும் அவனைப் பற்றித்தான் அபிப்பிராயம் சொன்னார்கள். தாள் ஒட்டும் இடம் வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் அவர்களுக்கும் அது வசதியாக இருந்தது. முன்னால் நின்றுகொண்டே பேசினார்கள்.

ஷம்மாவுக்குப் போன் பண்ண அவனுக்குத் தைரியம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் வந்தபோது எழுந்து நின்று நேரில் சொன்னான். தப்பு என்னுடையது மேடம், உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை.

"இரண்டு மாதம் பந்து அமுக்கினேன்" என்றார் ஷம்மா. "கை பலமாகிவிட்டது. அதற்கு உங்களுக்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை."

கிளப்பின் வாடகைப் பிஸ்டல் ஒன்றை வாங்கிக்கொண்டு, இலக்குத் தாளுக்குக் கையை நீட்டினார். அவன் கொடுத்தான்.

சலாலாக்காரர்கள் கடைசியில் பிஸ்டலை வாங்கத்தான் செய்தார்கள். கிளிட்டஸின் அறிக்கையைப் படித்துவிட்டு, ஸ்பிரிங்கை யாரும் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு வாங்கினார்கள். நல்லதையும் குறையையும் ஒன்றாக எழுதிய ஒரே தாள் அதுதானாம்; மற்றதை அவர்கள் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று ஜெபகனி வழியாகத் தெரிந்தது. ரெனீஷ் சலாலாவுக்குப் போனான். போகும்போது அக்காவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனான். அத்தானோடு மூன்று மாசம் பேசவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் மத்தியானம் அவனே கூப்பிட்டான். கிளிட்டஸ் தன் மேசைக்குத் திரும்பி அப்போது பத்து நாள் ஆகியிருந்தது. புஜைராவில் வெயில் கொளுத்தியது. சலாலாவில் சாரல் காலம், வாரக்கணக்காகத் தூறல் விடவில்லை என்றான் ரெனீஷ். ஈரத்தில் பிஸ்டல்களுக்கு ஏதோ ஆகிறது. வாங்கியவர்கள் தினமும் வந்து நின்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இவர்களுக்குப் பைத்தியமா, இல்லை சாமான் கெட்டுப்போனதா என்று தெரியவில்லை என்றான்.

எல்லாம் துடைக்கத் தெரியாத பயல்கள் என்று கிளிட்டஸின் வாய்வரை வந்தது. உதடும் கோணியது. ஆனால் மேசைமேல் கிடந்த பழைய ரசீதுக் கட்டைத் திருப்பிப் போட்டு, பேனாவைத் தேடி எடுத்தான்.

"அவிய சொன்னபடியே சொல்லு" என்றான். "ஒனக்க சரக்க நடுவுல சேக்காத. மொதல்ல வந்தவன் என்ன சொன்னான்?"

ரெனீஷ் சொல்ல ஆரம்பித்தான். கிளிட்டஸ் தேதி போட்டு எழுதினான். இரண்டாவது ஆள் சொன்னது முழு முட்டாள்தனம் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதையும் எழுதிக்கொண்டான்.